டொயோட்டா விட்ஸ் நிற்கும்போது நடுங்குகிறது, சரிவில் சிவப்பு பிரேக் லைட் எரிகிறது: எதை முதலில் பார்ப்பது?

ஒழுங்கைக்கார் எழுதியது:

எங்களிடம் இருப்பது 2007 விட்ஸ், மொடல் கேஎஸ்பி90, 1000 சிசி, ஓட்டோ கியர். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து கார் ஆசையை ஒத்திப்போட்டு வந்தோம். 2025இல் திறந்தார்கள், வரியைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது. கடைசியில் அப்பாவின் நண்பரிடமிருந்து இதை வாங்கி மூன்று மாதம். மீட்டரில் 138,000 கிலோமீட்டர். அதை நான் நம்பவில்லை, அது வேறு கதை.

வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு வேலைக்குப் போகிறேன். திம்பிரிகஸ்யாய சந்தியில் கியரை டி-யில் (ஓடுகிற கியர்) வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் கார் முழுக்க நடுங்குகிறது. அம்மா டேஷ்போர்டில் ஒட்டிய சின்னப் பிள்ளையாரின் தும்பிக்கை இரண்டாகத் தெரிகிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம். என்-னுக்கு (நியூட்ரல்) மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓடும்போது ஒன்றுமில்லை.

போன வாரத்திலிருந்து இன்னொன்று. கடைத்தொகுதி பார்க்கிங்கில் மேல் மாடியிலிருந்து இறங்கும்போது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு லைட் மினுங்கி அணைகிறது. சமதரையில் வருவதில்லை. விட்ஸில் மீட்டர் நடுவில் இருப்பதால் பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்கும் தெரிகிறது. நான் ஒளிக்கவும் முடியாது.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. நடுக்கத்துக்கு மவுண்டிங் (எஞ்சினைத் தாங்குகிற றப்பர்) எல்லாம், கொயில் (பிளக்குக்குப் பொறி கொடுப்பது) மூன்று என்று ஒரு பட்டியல் எழுதினார். லைட்டுக்கு, "மிஸ், பிரேக் ஒயில் டப்பாவுக்குப் போகிற வயரைக் கழற்றிவிட்டால் சரி" என்றார். நன்றி சொல்லி வந்துவிட்டேன்.

இரண்டும் ஒரே வருத்தமா? அப்பாவை வியாழக்கிழமை கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொட்டாஞ்சேனை 13 எழுதியது:

என்னிடமும் இதே கார். மூன்று சிலிண்டர் எஞ்சின் அக்கா, கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நான் பிளக் மாற்றி, த்ரொட்டில் பொடியை (எஞ்சினுக்குக் காற்று விடுகிற பகுதி) கழுவினேன், பாதி குறைந்தது. கொயிலுக்குக் காசு கொடுக்க முதல் ஸ்கேனர் செருகி பி0300 முதல் பி0303 வரை (சிலிண்டர் சரியாக எரியாததைக் காட்டுகிற கோட்) ஏதும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு லைட் ஹேண்ட் பிரேக் சுவிட்ச்சாக இருக்கும், அதை விடுங்கள்.

பழைய ஸ்பனர் எழுதியது:

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. கடைசி வசனத்தை ஒருவரும் கேட்கவேண்டாம்.

பிள்ளை, நடுக்கம் உங்களைக் கொல்லாது. முதலில் பிறேக்கைப் பாருங்கள். ஹேண்ட் பிறேக்குக்கும் பிறேக் ஒயில் குறைவுக்கும் அதே ஒரு லைற்தான். ஹேண்ட் பிறேக் சுவிட்ச் என்றால் லீவரை ஆட்டும்போது வந்து போகும். சரிவில் மட்டும் வருகிறது என்றால் எனக்கு ஒயில் டப்பாதான் ஞாபகம் வருகிறது. அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஒயில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட நிற்கும்போது கார் சரிந்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை இறங்கும், லைற் எரியும்.

இப்போது கேள்வி, ஒயில் எங்கே போனது? அது எரிந்து தீர்கிற சாமான் இல்லை. பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஒயில் இறங்கும். அது நியாயமான குறைவு. மற்றது கசிவு. மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் இரண்டில் எது என்று தெரியாமல் போகும். பேட் தேய்ந்திருக்கும்போது நிரப்பினால், புதுப் பேட் போடுகிற அன்றைக்கு ஒயில் பொங்கி வழிந்து பெயின்ரையும் தின்னும்.

நாலு சில்லின் உள்பக்கத்தையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். விட்ஸுக்குப் பின்னால் டிரம் பிறேக். டிரம்முக்குள் லைனரைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் கசிந்தால் டிரம்மின் அடியிலும் ரயரின் உள்பக்கத்திலும் ஈரம் தெரியும். ஈரம் கண்டால், அல்லது பெடல் வழமையைவிடக் கீழே போனால், காரை எடுக்கவேண்டாம். வியாழக்கிழமை அப்பாவை ஓட்டோவில் கூட்டிப்போங்கள். மஞ்சள் ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் காக்கிற அமைப்பு) லைற்றும் சேர்ந்து எரிந்தாலும் அப்படித்தான், அவசரமாக மிதிக்கும்போது பின் சில்லு முந்திப் பூட்டக்கூடும்.

வயரைக் கழற்றச் சொன்னவரிடம் இனிப் போகவேண்டாம்.

நடுக்கத்துக்கு வருகிறேன். பிறேக் மிதித்தால் எஞ்சின் நடுங்குவதற்கு பூஸ்ரரும் (பிறேக் மிதிப்பதை இலேசாக்குகிற சாமான்) காரணமாக இருக்கலாம். அது எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்வது. உள்ளே றப்பர் கிழிந்தால் கள்ளக் காற்று எஞ்சினுக்குள் போகும். அதைத் தள்ளிவைக்க இப்படிச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தரம் மிதித்து இறுக்கமாக்குங்கள். மிதித்தபடியே ஸ்ராட் பண்ணுங்கள். கால் சற்றே கீழே இறங்கவேண்டும். பிறகு என்-னில் வைத்து மிதித்து விட்டுப் பாருங்கள். 'ஸ்ஸ்' சத்தமோ எஞ்சினில் மாற்றமோ இல்லையென்றால் பூஸ்ரர் நல்லது.

பூஸ்ரரும் நல்லது, என்-னில் நடுக்கமும் அடங்குகிறது என்றால் மவுண்டிங்கைச் சந்தேகிக்கலாம். டி-யில் எஞ்சின் கியருக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. றப்பர் செத்திருந்தால் அந்தத் துடிப்பு நேரே காரின் பொடிக்கு வரும். பிறேக் திருத்திய பிறகு பொனட்டைத் திறந்து, பிறேக்கை நன்றாக மிதித்து, டி-க்கும் ஆர்-க்கும் (ரிவர்ஸ்) மாற்றிப் பாருங்கள். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்கவேண்டும், முன்னால் இல்லை. எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழும்பினால் அந்தப் பக்கத்து மவுண்டிங்.

ஒன்று: மவுண்டிங்கைப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ரீகண்டிஷனாக (பழைய காரில் கழற்றியது) வாங்கவேண்டாம். கதவு, கண்ணாடி, லைற் எல்லாம் அங்கே வாங்குங்கள், நானும் வாங்கியிருக்கிறேன். றப்பர் பழைய காரோடு சேர்ந்து கிழடாகி வந்தது. பிறேக் சாமானும் புதிதுதான்.

ஒழுங்கைக்கார் எழுதியது:

ஐயா, பார்த்தேன். ஒயில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. பூஸ்டர் சோதனையில் கால் இறங்கியது, சத்தம் இல்லை. ஸ்கேனரில் ஒன்றுமில்லை. பின் இடது டயரின் உள்பக்கம் மட்டும் கறுத்து ஈரமாக இருக்கிறது. மழைத் தண்ணீர் என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன், கடதாசியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. அப்பா ஓட்டோவில்தான் போனார். போகவர எனக்கு ஏச்சு.

பழைய ஸ்பனர் எழுதியது:

ஏச்சு வாங்கலாம். வீல் சிலிண்டரை இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லுங்கள், ஒன்று போனால் மற்றதும் அதே வயது. ஒயில் பட்ட லைனரைக் கழுவிப் போட விடாதீர்கள். டப்பா மூடியில் என்ன டொட் (பிறேக் ஒயிலின் தரம்) எழுதியிருக்கிறதோ அந்த ஒயிலே ஊற்றவேண்டும், முழுதாக மாற்றிக் குழாய்க்குள் நிற்கிற காற்றை எடுக்கவேண்டும். எஞ்சின் ஒயில் ஒரு சொட்டுப் போனாலும் றப்பர் எல்லாம் ஊதிவிடும்.

கொட்டாஞ்சேனை 13 எழுதியது:

ஹேண்ட் பிரேக் சுவிட்ச் என்று சொன்னதற்கு மன்னிக்கவும் அக்கா. இன்றைக்கு என் காரின் டயரையும் குனிந்து பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

ஒழுங்கைக்கார் எழுதியது:

தெமட்டகொடையில் வேறொரு பாஸிடம் (மெக்கானிக்) வேலை முடிந்தது. பின்னால் இரண்டு சிலிண்டர், லைனர், புது ஒயில். முன் பேட்டும் தேய்ந்துதான் இருந்தது, அதையும் மாற்றினோம். அதே பார்க்கிங் சரிவில் வேண்டுமென்றே இரண்டு தரம் இறங்கினேன், லைட் வரவில்லை.

மவுண்டிங்கில் வலது பக்கம் ஒன்றுதான் போயிருந்தது. டி போட்டதும் எஞ்சின் எழும்பி விழுந்ததை என் தம்பி தொலைபேசியில் படம் பிடித்தான். அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டோம், கொயில் ஒன்றையும் தொடவில்லை. பிள்ளையார் இப்போதும் லேசாகத் தலையாட்டுகிறார், ஆனால் தும்பிக்கை ஒன்றுதான். ஏசி போட்டால் கொஞ்சம் கூடுகிறது. மூன்று சிலிண்டர் என்று விட்டுவிட்டேன்.

டயரின் உள்பக்கத்தைக் காலையில் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. சனிக்கிழமை மறுபடி பார்ப்பேன்.