ரீகால் வந்த பேட்ச்சை எக்ஸ்பயரி ரிட்டர்னோடு சேர்த்து அனுப்பலாமா?

உசிலை மெடிக்கல்:
ஒரு பிபி மாத்திரையில் ஒரு பேட்ச் மட்டும் தரமில்லை, திரும்ப அனுப்புங்க (ரீகால்) என்று கம்பெனி எழுதிய லெட்டரை மதுரை ஸ்டாக்கிஸ்ட் (மொத்த வியாபாரி) வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். இன்வாய்ஸ்படி வந்தது 30 ஸ்ட்ரிப், கடையில் இருப்பது 12. மாசக் கடைசி எக்ஸ்பயரி ரிட்டர்னோடு கொடுத்துவிடலாமா? விற்றுப்போன 18க்கு என்ன வழி?

தெற்குவாசல் பார்மசிஸ்ட்:
எக்ஸ்பயரியோடு கலக்கவே கூடாது. கலந்தால் எந்த பேட்ச்சில் எத்தனை திரும்பியது என்ற கணக்கு அங்கேயே அறுந்துவிடும். முதலில் விற்பனையை நிறுத்துங்க. கம்ப்யூட்டரில் பேட்ச்சை லாக் பண்ணுவதோடு விடாமல் ரேக், கவுன்டர் டிராயர், வெட்டிய ஸ்ட்ரிப் போடுகிற டப்பா எல்லாவற்றையும் கையால் எடுத்துப் பாருங்க. டப்பாவில்தான் பெரும்பாலும் தப்பிப்போகும். கிடைத்ததைத் தனிப் பெட்டியில் போட்டு, ‘ரீகால், விற்பனைக்கு அல்ல’ என்று பேட்ச், எண்ணிக்கை, தேதியோடு எழுதி டேப் ஒட்டுங்க.

லெட்டரில் எந்த வகுப்பு என்று இருக்கும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ வழிகாட்டுதலில் மூன்று வகுப்பு. உயிருக்கு ஆபத்தானது முதல் வகுப்பு: 24 மணி நேரத்தில் விற்பனை நிற்கணும், 72 மணி நேரத்துக்குள் சரக்கு திரும்பிவிடணும். இரண்டாவதுக்கு 10 நாள், மூன்றாவதுக்கு 30 நாள். மாசக் கடைசி என்பதே கணக்கில் வராது.

மேலூர் அண்ணாச்சி:
தம்பி, அந்த 18தான் முக்கியம். ரீகால் நோயாளி வரைக்கும் என்று லெட்டரில் இருந்தால் பில்லைத் தோண்டணும். பில்லில் இருக்கிற பேட்ச் நம்பரை மட்டும் நம்பாதீங்க. சாஃப்ட்வேர் பழைய பேட்ச்சைத் தானாகப் போட்டுவிடும், கவுன்டரில் கை எடுத்தது வேறு ஸ்ட்ரிப்பாக இருக்கும். அதனால் அந்த இன்வாய்ஸ் தேதியிலிருந்து அந்த மாத்திரை போன எல்லா பில்லையும் எடுங்க. பிபிக்கு மாசாமாசம் வாங்குகிறவர்கள்தானே, போன் நம்பர் இருக்கும்.

கூப்பிடும்போது “மாத்திரையை நிறுத்திருங்க” என்று சொல்லவே வேண்டாம். அட்டெனோலால், குளோனிடின் மாதிரி மருந்தைத் திடீரென நிறுத்தினால் பிபி எகிறும், நெஞ்சுவலி வரும். “இருப்பதைக் கொண்டுவாங்க, வேறு பேட்ச் தர்றோம்” என்று சொல்லுங்க. வெட்டிக் கொடுத்த துண்டில் பேட்ச் நம்பர் இருக்காது, அதையும் வாங்கிக்கிடணும். இனிமேல் பேட்ச் அச்சடித்த முனையைக் கடைசி வரை வெட்டாமல் வைங்க, கடையில் மிஞ்சுவதையாவது அடையாளம் காணலாம்.

தெற்குவாசல் பார்மசிஸ்ட்:
இன்னொன்று: மருந்து ஆய்வாளர் வந்து படிவம் 15 (சரக்கை வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு) கொடுத்திருந்தால், அதில் போட்டிருக்கிற காலம் வரை (அதிகபட்சம் 20 நாள்) ஸ்டாக்கிஸ்ட் கேட்டாலும் பெட்டியை நகர்த்தக்கூடாது. அது இல்லையென்றால் தனி சலானில் பேட்ச் நம்பர், எண்ணிக்கை எழுதி, சீல் போட்ட நகலை வாங்கிவிட்டே அனுப்புங்க. வாடிக்கையாளர் திருப்பியதைத் தனி வரியில் காட்டுங்க. கடையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ‘இருப்பு இல்லை’ என்று எழுத்தில் பதில் போகணும்.

பின்னால் கேஸ் வந்தால் மருந்துச் சட்டம் 19(3) கடைக்காரருக்குத் துணை நிற்கும். ஆனால் உரிமம் உள்ளவரிடம் வாங்கியது, சரியாகச் சேமித்தது, குறை தெரியாமல் விற்றது மூன்றையும் காட்டணும். லெட்டர் வந்த பிறகு ஒரு ஸ்ட்ரிப் விற்றாலும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது.