‘பிலே’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பண்டாரவளையிலிருந்து, திங்கள் இரவு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

சாகச விளையாட்டு வழிகாட்டிகளுக்கான நம் கையேட்டில் நாலாம் அத்தியாயம் ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இலங்கையில் எல்ல, கொஸ்லந்தை, கித்துல்கல பக்கம் வேலைக்குச் சேரும் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம். பாறை ஏற்றமோ, அருவியில் கயிற்றில் இறங்குவதோ, ஆற்றில் ரப்பர் படகு விடுவதோ, எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லைக் காதால் கேட்டுத்தான் பழகுகிறார்கள். பொருள் பிடிபடாமலே வேலை ஓடுகிறது.

சிக்கல் தருவது ‘பிலே’ (belay). புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பாறையில் ஏறுகிறார். அவர் இடுப்பு வாரில் கட்டிய கயிறு மேலே உறுதியாகப் பொருத்திய ஒரு நங்கூரத்தின் வழியாகத் திரும்பி, கீழே நிற்பவரிடம் வருகிறது. கீழே நிற்பவர் தன் வாரில் மாட்டிய சிறிய கருவிக்குள் அந்தக் கயிற்றை ஓடவிட்டு, மேலே இருப்பவர் ஏற ஏறத் தளர்வை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பார். ஏறுபவர் கை நழுவினால், கயிற்றின் வால்பக்கத்தைப் பிடித்திருக்கும் கை கீழ்நோக்கி இழுக்கும். கயிறு கருவியில் மடங்கி உராய்ந்து நிற்கும். விழுந்தவர் கொஞ்ச தூரத்திலேயே தொங்கி நிற்பார். இந்த மொத்த வேலைக்கும் பெயர் பிலே.

முதல் வரைவில் ‘பாதுகாப்புக் கயிறு’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. படிக்கிற பிள்ளை, கயிறு கட்டியாச்சு, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொள்ளும். வால்பக்கத்துக் கை கயிற்றை விட்டுவிட்டால் சாதாரணக் கருவிக்குள் கயிறு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். காப்பது ஓர் ஆள். அந்த ஆளைச் சொல்லுக்குள் காணவில்லை.

ஆறாம் அத்தியாயத்தில் ‘உயிர்காப்புச் சட்டை’யை இதே காரணத்துக்காக ‘மிதவைச் சட்டை’ என்று மாற்றிவிட்டேன். படகுச் சவாரியில் பெரும்பாலும் போடுவது 50 நியூற்றன் மிதப்பு உள்ளது. நீந்தத் தெரிந்தவருக்கு அது துணை. மயங்கிவிட்டவரின் முகத்தை மேலே திருப்பிப் போடும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. உயிரைக் காக்கும் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

பிலேக்கு என் மனதில் உள்ளவை: கயிற்றுக்காவல், பிடிகாப்பு, தாங்குபிடி. சொல்லுங்கள்.

கண்டியிலிருந்து, செவ்வாய் காலை

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் கயிற்றை ரொம்பவும் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள். பௌதிகவியல் படிப்பித்தவன், விட மனம் வரவில்லை.

ஏறுவதற்கான கயிறு நீளும். அப்படி நீள்வதால்தான் விழுபவரின் இயக்கசக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. ஒற்றைக் கயிற்றைச் சோதிக்கும்போது 80 கிலோ திணிவைக் கட்டி விழவிடுகிறார்கள். முதல் விழுகையில் தாக்கும் விசை 12 கிலோநியூற்றனைத் தாண்டக்கூடாது, குறைந்தது ஐந்து விழுகையைக் கயிறு தாங்க வேண்டும். 12 கிலோநியூற்றன் என்பது ஏறக்குறைய 1,200 கிலோ எடை தொங்கும் இழுப்பு. நீளாத கயிற்றில் அதே விழுகை நடந்தால் கயிறு அறாமல் இருக்கலாம், ஆளின் இடுப்பு தாங்காது. ஆகவே காப்பது கையும் கயிறும் சேர்ந்துதான்.

வரைவில் ‘இயங்கு கயிறு’, ‘நிலையான கயிறு’ என்று இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கயிறு எங்கே இயங்குகிறது? நீண்டு மீள்வதை ‘மீள்கயிறு’ என்றும், கயிற்றில் இறங்குவதற்குப் பாவிக்கும் மற்றதை ‘விறைகயிறு’ என்றும் சொன்னால் பிள்ளைக்குப் புரியும். விறைகயிறும் கொஞ்சம் நீளும்தான், தரக்கட்டுப்பாட்டில் 5 சதவீதம் வரை இடம் உண்டு. ஹார்ட்வெயார் கடையில் நிறுத்துக் கொடுக்கும் நைலோன் கயிறு இந்த இரண்டிலும் சேராது என்பதையும் அதே பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

சொல்லாக்கத்தைப் பொறுத்தவரை நமக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. 1956க்குப் பிறகு அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகள் கொண்டுவந்தது. அந்த மரபில் வந்தவைதான் நம் பாடநூல்களில் இன்றும் நிற்கின்றன. இந்தியாவில் இயற்பியல், வேதியியல் என்று போனார்கள், நாம் பௌதிகவியல், இரசாயனவியலோடு இருந்துவிட்டோம். எது அழகு என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நடப்பதைப் பெயராக வைத்தால் சொல் நிலைக்கும் என்பது என் அனுபவம். இங்கே நடப்பது கயிறு ஓடாமல் தடுப்பது. ‘கயிற்றுத் தடுப்பு’ என் முன்மொழிவு.

கோயம்புத்தூரிலிருந்து, செவ்வாய் மாலை

நண்பர்களே, ‘பிலே’ என்றே வைத்தால் என்ன? பஸ், டிக்கெட் எல்லாம் இருக்கிறதே. எங்கள் ஊரில் ‘காவல்’ என்றாலே காவல்துறைதான், ‘காப்பு’ என்றால் கைவிலங்கு. கயிற்றுக்காவல் என்று போட்டால் யாரையோ கட்டிப்போட்டு ஸ்டேஷனில் வைத்த மாதிரி இருக்கும். எங்கள் ஏற்றக் குழுவில் எல்லோரும் பிலே என்கிறோம், ஒரு குழப்பமும் வந்ததில்லை.

ஹட்டனிலிருந்து, புதன் இரவு

அண்ணாவுக்கும் சேருக்கும் வணக்கம். கயிற்றின் கீழ்முனையில் நிற்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்தச் சொல்லை நாம் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அருவிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தியலும அருவியின் உயரம் 220 மீற்றர். அதில் சிறு பகுதி உயரத்திலிருந்து கத்தினால்கூட கீழே சொல்லாக வந்து சேராது, இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு நீட்டல்தான் கேட்கும். ஆகவே கத்துகிற சொல்லில் நெடில் வேண்டும், அதுவும் முதலெழுத்திலேயே வேண்டும். ‘காவல்’ என்று கத்தினால் ‘கா’வாவது போய்ச் சேரும். ‘பிடி’ இரண்டும் குறில், காற்றோடு போய்விடும். அதைவிட மோசம், ‘பிடி’ என்று கேட்டதும் மேலே தொங்குபவர் எதையாவது எட்டிப் பிடிப்பார். பெரும்பாலும் தன் முகத்துக்கு முன்னால் ஓடும் கயிற்றைத்தான்.

‘தாங்குபிடி’யில் எனக்கு வேறு சண்டை இருக்கிறது. அது பலசாலி வேலை என்று சொல்லிவிடுகிறது. பயிற்சிக்கு வரும் பையன்கள் ஏற்கனவே அப்படித்தான் நினைக்கிறார்கள், ‘நீங்க பிடிச்சுக்குவீங்களா அக்கா’ என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இழுப்பில் பெரும்பங்கைக் கருவியின் உராய்வு வாங்கிக்கொள்கிறது. என் கைக்கு வருவது கொஞ்சம்தான். ஏறுபவர் என்னைவிட நல்ல கனம் என்றால் அவர் விழும்போது நான் தரையை விட்டுக் கிளம்புவேன், அதற்காகத்தான் என் வாரை ஒரு மரத்தோடோ பாறையோடோ முன்கூட்டியே கட்டிக்கொள்கிறேன். ஆக அங்கே வேண்டியது கண்ணும் பொறுமையும். அதைச் சொல்லும் சொல் காவல்தான். தோட்டத்தில் காவக்காரர் என்றால் பயில்வான் இல்லை, ஊர் தூங்கும்போது விழித்திருப்பவர். கோவை அண்ணாவுக்கு: இங்கே நாங்கள் ‘பொலிஸ்’ என்றுதான் சொல்கிறோம், ஆகவே காவல் சும்மாதான் கிடக்கிறது.

சேர் சொன்ன ‘தடுப்பு’ கருவிக்குப் பொருந்தும். ‘தடுப்புக்கருவி’ என்று அதற்குப் போட்டுவிடலாம்.

அப்புறம், வரைவில் கட்டளைகள் உள்ள பக்கத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கயிற்றை இழுத்துப் பிடிக்க ‘இறுக்கு’, கீழே விட ‘இறக்கு’. இரண்டுக்கும் நடுவே ஓர் உகரம்தான்! மேலே ஒருவர் கை சோர்ந்து, கொஞ்சம் இளைப்பாற ‘இறுக்கு’ என்கிறார், கீழே நிற்பவர் காதில் ‘இறக்கு’ என்று விழுந்து கயிற்றை விடத் தொடங்கினால் என்ன ஆகும்? ‘விடாதே’யையும் எடுத்துவிடுங்கள். நம் மொழியில் மறுப்பு சொல்லின் வாலில் வருகிறது. இரைச்சல் முதலில் விழுங்குவது அந்த வாலைத்தான். ‘விடாதே’ கீழே வரும்போது ‘விடு’வாகிவிடும். ‘காவல் வேண்டாம்’ என்பதும் இதே சாதி. அதில் தப்பாகக் கேட்டாலும் காவல் தொடரும், உயிருக்குக் கேடில்லை, ஆனாலும் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நிற்பார்கள்.

என் யோசனை இது. ஏறுபவர் ‘காவலா?’ என்று கேட்பார். கீழே நிற்பவர் உடனே பதில் சொல்லக்கூடாது. இருவர் இடுப்பு வாரின் கொளுக்கிகள், வார் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, எட்டு வடிவ முடிச்சு, கருவிக்குள் கயிறு போன திசை, கராபினர் என்ற உலோகக் கொக்கியின் பூட்டு, கயிற்றின் மறுமுனையில் அது கருவியை விட்டு ஓடிவிடாமல் ஒரு முடிச்சு, ஹெல்மெட் வார், இவ்வளவையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ‘காவல்!’ என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில்லை. இழுத்துப் பிடிக்க ‘டைட்’. இறக்க ‘கீழே’. கால் ஊன்றியதும் ‘தரை’, அதன் முதலெழுத்தில் நெடில் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல் உருண்டால் ‘கல்லு!’, அதைக் கேட்டதும் அண்ணாந்து பார்க்காமல் தலையைக் குனிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ‘டைட்’ தமிழா என்று சேர் கேட்பார். தோட்டத்து லயக் குடியிருப்பில் எங்கள் அம்மாயியே கூடைக் கயிற்றை ‘டைட்டாக் கட்டு’ என்றுதான் சொல்வார்.

அருவியடியில் இதுவும் கேட்காது என்றால் விசிலும் கைச்சாடையும்தான். அவற்றை இறங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

உடற்றகைமை அத்தியாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மலையில் பிறந்தவர்களுக்கு எதற்குப் பயிற்சி’ என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. கால் விஷயத்தில் அது பாதி உண்மை. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறி இறங்குகிறவர்களைப் பாருங்கள், ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் நடுங்குவது இறங்கும்போதுதான். தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலை அது. தினமும் கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்குகிறவர்களுக்கு அது பழகியிருக்கும். ஆனால் முன்கை அப்படியில்லை. பாறை விளிம்பை விடாமல் பிடித்திருக்கும்போது தசைக்குள் இரத்த ஓட்டம் நெரிபட்டு, கை கல்லாகிவிடும். அதற்குக் கம்பியில் தொங்கி, இறங்கி, ஆறி, மறுபடி தொங்கிப் பழக வேண்டும். இதில் அவசரப்பட்டால் விரல் போய்விடும். தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் பின்தங்கி மாதக்கணக்கில் வரும். பையன்கள் தங்களுக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைக்கும் அந்த இடைவெளியில்தான் விரல் காயம் வருகிறது.

காவல் நிற்பவருக்கும் உடற்றகைமை உண்டு, அதை யாரும் எழுதவில்லை. கழுத்து அண்ணாந்தே இருக்க வேண்டும், கவனம் சிதறக்கூடாது. தூக்கம் கெட்டவர், முதல்நாள் இரவு குடித்தவர், போனில் கண் வைத்திருப்பவர் காவல் நிற்கக்கூடாது என்று நேராகவே போடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து, வெள்ளி காலை

தங்கச்சி எழுதியதை நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ‘இறுக்கு, இறக்கு’ இரண்டையும் மைதானத்தின் மறுமுனையிலிருந்து கத்தச் சொன்னோம், பிள்ளைகள் மாற்றி மாற்றிச் செய்தார்கள். விவாதம் அத்தோடு முடிந்துவிட்டது.

வேலைக்கு ‘கயிற்றுக்காவல்’, ஆளுக்கு ‘கயிற்றுக்காவலர்’, கத்தும்போது வெறும் ‘காவல்’. கருவிக்குத் ‘தடுப்புக்கருவி’. சேரின் மீள்கயிறும் விறைகயிறும் அப்படியே ஏறுகின்றன. வெளிநாட்டு விருந்தாளிகளோடும் சிங்கள நண்பர்களோடும் வேலை செய்யும்போது எல்லோருக்கும் பொதுவான ஆங்கிலக் கட்டளையையே பாவிக்க வேண்டும் என்று அடைப்புக்குறி இல்லாமல் தனி வரியாகவே சேர்க்கிறேன். ஒரே கயிற்றில் இரண்டு மொழிக் கட்டளை கூடாது.

கயிற்றுப் பராமரிப்பில் ஒரு வரி கூட்டினேன். இங்கே கயிற்றுப் பையை ஓட்டோவின் பின்னால், பற்றரிக்குப் பக்கத்தில் திணிக்கிற பழக்கம் இருக்கிறது. பற்றரி அமிலம் பட்ட நைலோன் கயிறு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே பொடிந்திருக்கும். அமிலம் பட்டதோ என்ற சந்தேகமே போதும், அந்தக் கயிற்றை வெட்டித் துண்டாக்கிவிட வேண்டும். முழுசாக எறிந்தால் யாராவது எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

‘கராபினர்’ என்பதை மாற்றப் போவதில்லை. கையில் வைத்துக் காட்டக்கூடிய சாமானுக்கு எந்தப் பெயரும் ஒட்டிக்கொள்ளும், கோவை நண்பரின் நியாயம் அங்கே செல்லும். அதன் முதுகில் பொறித்திருக்கும் எண்களை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். நீளவாக்கில் 20 கிலோநியூற்றனுக்குக் குறையாமலும், குறுக்குவாக்கிலும் வாய் திறந்த நிலையிலும் 7க்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது ‘ஹார்னஸ்’. சேணம் என்று ஒருவர் போட்டிருக்கிறார், நாம் குதிரை இல்லை. கச்சை என்றால் வகுப்பே சிரிக்கிறது. ‘இடுப்பு வார்’ என்று நான் எழுதிவருகிறேன், ஆனால் மார்பையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் வாருக்கு அது பொருந்தாது. பிள்ளைகளுக்கும் இடுப்பு ஒடுங்கியவர்களுக்கும் அதுதான் தேவை, தலைகீழாகப் புரண்டால் இடுப்பு வாரிலிருந்து நழுவிவிடுவார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது.