கோட்டுக்கு வெளியே நின்ற பாம் பீச்: ரிக்ரெஷன் கற்ற அனுபவம்

அரசியல் அறிவியல் ஆய்வுக்கு வருகிறவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து கலைப்பாடம் எடுத்தவர்கள். நானும் அந்தக் கட்சிதான். என் பயத்தைப் போக்கியது எந்தச் சூத்திரமும் அல்ல. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தின் 67 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) பதிவான வாக்குக் கணக்கு.

குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் பெற்ற வாக்குகளைக் கிடை அச்சிலும், சீர்திருத்தக் கட்சியின் பேட் புக்கேனன் பெற்றவற்றைச் செங்குத்து அச்சிலும் வைத்தோம். மற்ற கவுண்டிகள் ஏறக்குறைய ஒரே போக்கில் போக, பாம் பீச் கவுண்டி மட்டும் எங்கோ உயரத்தில் நின்றது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அங்கே புக்கேனனுக்கு 3,400க்கும் மேல் வாக்குகள்!

புள்ளிகளின் பொதுப்போக்கைக் காட்டும் நேர்க்கோடு போடுவதுதான் ரிக்ரெஷன். பாம் பீச்சையும் சேர்த்துப் போட்டால் அந்த நேர்க்கோட்டையே அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே அதை விலக்கி, மீதி 66 கவுண்டிகளைக் கொண்டு மதிப்பிட்டோம். பாம் பீச்சுக்குக் கிடைத்த விடை சில நூறு வாக்குகள்தான். பெரிய எண்களின் இடைவெளியைச் சுருக்கிக் காட்டும் மடக்கை (log) எடுத்துப் பார்த்தும் அந்தப் புள்ளி அடங்கவில்லை. புஷ் அந்த மாநிலத்தை வென்றதோ வெறும் 537 வாக்குகளில்.

கோடு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் எவ்வளவு என்று பேராசிரியர் கேட்கவே இல்லை. எச்சங்களை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவைத்தான் பார்க்கச் சொன்னார். ஆனால் எச்சம் காரணத்தைச் சொல்லாது. அதற்கு வாக்குச்சீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இருபுறமும் பெயர்கள், நடுவில் துளைகள். இடப்புறத்தில் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் இரண்டாவது பெயர். இரண்டாவது துளையோ வலப்புறத்துப் புக்கேனனுக்கு உரியது. கோருக்குப் போட நினைத்தவர்கள் அதைத் துளைத்திருக்கலாம். அதே கவுண்டியில் தபால் வாக்காளர்களுக்கு இந்தச் சீட்டு தரப்படவில்லை. அவர்களிடையே புக்கேனனின் பங்கு மிகக் குறைவு. என்னைக் கேட்டால் ரிக்ரெஷன் கோட்டைக் காட்டிலும் இந்த ஒப்பீடுதான் வலுவான சாட்சி.

*

மேலே எழுதியவருக்கு: தபால் வாக்கு ஒப்பீட்டை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் சண்டைக்கு வந்திருப்பேன். கவுண்டித் தொகையை மட்டும் வைத்துத் தனி வாக்காளரின் மனத்தைப் படிக்க முடியாது. எங்களுக்கு இதைப் புரியவைத்தது 1950இல் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் எழுதிய கட்டுரை. 1930ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, −1 முதல் +1 வரை) −0.53. தனிநபர் அளவில் கணக்கிட்டால் அது +0.12. குறியே மாறிவிடுகிறது! குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதுதான் காரணம். அதன் பிறகு மாவட்டவாரித் தரவை வைத்து "இந்தச் சாதியினர் இந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள்" என்று எழுதும் தேர்தல் அலசல்களை என்னால் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை.