வீட்டுக்குள் நெட்டைப் பங்கு போட்ட கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி (வெள்ளவத்தை):

எங்கள் தொடர்மாடியில் ஃபைபர் லைன் ஹோலுக்குள் வருகிறது. ரவுட்டரும் அங்கேதான். அண்ணாவின் அறை பின்பக்கம், நடுவில் இரண்டு கொங்கிறீட் சுவர். வைஃபை அங்கே போய்ச் சேரும்போது செத்துவிடும். சரி, இன்னொரு ரவுட்டர் வைத்தால் தீர்ந்தது என்று யூனிட்டி பிளாசாவில் ஒன்றும், இருபது மீற்றர் கேட் 5இ கேபிளும் வாங்கி வந்தேன்.

ஹோல் ரவுட்டரிலிருந்து கேபிளை இழுத்து, புதியதன் 'வான்' போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து நெட்டை வாங்கும் துளையில், குத்தினேன். நெட் வந்தது. அண்ணாவுக்குச் சந்தோஷம். இரண்டு நாள் கழித்து ஏதோ பிரிண்ட் எடுக்கப் பார்த்தால், ஹோலில் அப்பாவின் கணினியில் பகிர்ந்து வைத்த பிரிண்டர் அண்ணாவின் மடிக்கணினியின் பட்டியலிலேயே இல்லை. பிறகுதான் விளங்கியது: அந்தப் போர்ட்டில் குத்தினால் புதிய ரவுட்டர் தனக்கென்று தனி வலையமைப்பு ஒன்றை உண்டாக்கிவிடும். ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம்.

"வான்ல போடாம லான்ல போட்டுப் பார்ப்பம்" என்று அண்ணாவிடம் சொன்னேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தி, "என்ன வானடா, ஆர் வாறது?" என்றார்.

லானுக்கு, அதாவது வீட்டுக் கணினிகளைக் குத்தும் போர்ட்டுக்கு, மாற்றியது சரிதான். ஆனால் அரை வேலையோடு விட்டதுதான் பிழை. அதற்குப் பிறகு வந்தது பேய் பிடித்த மாதிரி ஒரு வாரம். காலையில் நெட் வரும், பின்னேரம் வராது. என்னுடையது வேலை செய்யும், பக்கத்திலேயே அம்மாவின் போன் சும்மா கிடக்கும். சேவை எண்ணுக்கு எடுத்தால் "ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள்" என்றார்கள். போட்டால் கொஞ்ச நேரம் சரியாகவும் இருக்கும், அதுதான் இன்னும் குழப்பம்.

கடைசியில் ஒவ்வொரு கணினியிலும் அதன் வலை முகவரியைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். நெட் வருகிறவற்றுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி. வராதவற்றுக்கு 192.168.0. இரண்டு ரவுட்டரும் டிஎச்சிபி என்ற தானாக முகவரி கொடுக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தன. யார் முதலில் பதில் சொன்னாரோ அவர் பின்னால் கணினி போய்விடும். புதியதன் பின்னால் போனவற்றுக்கு வெளியே போக வழியில்லை, அதன் வான் போர்ட் வெறுமையாக இருக்கிறதே.

புதியதில் டிஎச்சிபியை நிறுத்தினேன். அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். கேபிள் லானிலிருந்து லானுக்கே. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல். இரண்டும் மோதாமல் இருக்க வைஃபை சனல் (அலைவரிசை) மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. பத்து நிமிட வேலை. பிரிண்டரும் தெரிந்தது.

பழையபெந்தியம் (கொட்டாஞ்சேனை):

நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் தம்பி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எங்களிடம் ரவுட்டரே இல்லை. என் கணினியில் போன் லைன் வழியே டயல் அப், அதிலிருந்து தங்கச்சியின் கணினிக்கு ஒரு கிராஸ் கேபிள். உள்ளே இருக்கும் கம்பிகளில் ஒரு முனையில் செம்மஞ்சள் சோடியும் பச்சைச் சோடியும் இடம் மாறவேண்டும். அதை நானே கடித்துக் குத்தி, கேபிள் முனையில் மாட்டும் கிளிப் மூன்றை வீணாக்கினேன். எக்ஸ்பியில் இணைப்பைப் பகிரும் வசதியைப் போட்டால் என் கணினியே 192.168.0.1 ஆகி ரவுட்டர் வேலை பார்க்கும். நான் நிறுத்திவிட்டுப் படுத்தால் அவளுக்கும் நெட் போய்விடும். அதனால் வீட்டில் நடந்த சண்டைகளை இங்கே எழுத முடியாது. அம்மா போன் றிசீவரைத் தூக்கினால் இரண்டு பேருக்கும் போச்சு.

உப்புக்காற்று (தெஹிவளை):

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சூம் வகுப்பு நடந்த காலம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்கிவிட்டோம் என்று பெருமையாக இருந்தோம். கரண்ட் போனதும் மேல் அறைக்கு மட்டும் நெட் இல்லை. இடையில் படிக்கட்டுக்குக் கீழே நெட் கேபிளைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி ஒன்று இருந்ததையும், அதற்கும் கரண்ட் வேண்டும் என்பதையும் எல்லோரும் மறந்துவிட்டோம்!

மூன்றாம்மாடிக்கு ஒன்று. கடல் பக்கத்து வீடு என்றால் கிளிப்பையும் பாருங்கள். எங்களுடையதில் கம்பிகள் பச்சை பிடித்து, ஒரு சோடி தொடர்பு விட்டுப்போயிருந்தது. கேபிள் அறுந்தது மாதிரித் தெரியாது, நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஜிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு நான்கு சோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும் என்பதால் அது சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். வேகம் எப்படி அளந்தாலும் 94, 95ஐத் தாண்டாது. நாங்கள் எட்டு மாதம் கம்பனியைத் திட்டினோம்.

மூன்றாம்மாடி:

அக்கா, அண்ணாவின் அறையில் இப்போதுதான் அளந்தேன். 94. யாரிடமாவது கிளிப் குத்தும் கிரிம்பர் இருக்கிறதா, ஞாயிறு திருப்பித் தருகிறேன்.