பழைய டிஸ்னி செல்லில் காடி வாடை, பின்னால் ஒட்டிய தாளை உரிக்கலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒருவர் காலமானால் வீட்டுச் சாமானை மொத்தமாக ஏலம் விடுவார்கள் இல்லையா, எஸ்டேட் ஏலம், அதில் கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அத்தை பையன் எனக்காகக் கேட்டு எடுத்த ஒரு லாட் போன வாரம் வந்தது. பாதி கிழித்த டிஸ்னிலேண்ட் டிக்கெட் புத்தகம் (சின்ன ரைடுகளுக்கான ஏ, பி சீட்டுகள்தான் மிச்சம், பெரிய ரைடுகளுக்கான ஈ எல்லாம் காலி, பிள்ளைகள் வேலை), பின்னால் தங்க நிற லேபிள் ஒட்டிய ஸ்லீப்பிங் பியூட்டி செல், ஒரு லயன் கிங் செல். செல் என்றால் போன் இல்லை, கார்ட்டூன் படத்துக்காக வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் தாள்.

பார்சலைப் பிரித்ததும் வீட்டில் "எந்த ஊறுகாய் ஜாடி உடைஞ்சுது?" என்று கேட்டார்கள். காடி (வினிகர்) வாடை ஸ்லீப்பிங் பியூட்டியிலிருந்து வருகிறது. பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருக்கிறது. பின்பக்கப் பெயின்ட்டில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது, ஓரத்தை லேசாகத் தூக்கினேன், மிளகளவு பச்சைப் பெயின்ட் தாளோடு வந்துவிட்டது. கை நடுங்கி அப்படியே விட்டுவிட்டேன். ஹேர் டிரையர் காட்டலாமா? ஜிப்லாக் கவரில் மூடி பீரோவில் வைக்கலாமா? திருப்பி அனுப்ப வழியில்லை, உள்ளது உள்ளபடி என்றுதான் விற்றார்கள்.

ஓசூர் ஃபிரேம்காரன்:
டிரையரை முதலில் எடுத்து உள்ளே வைங்க. செல்லின் பிளாஸ்டிக் தாள் செல்லுலோஸ் அசிட்டேட், அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியே வரும், காடி வாடை அதுதான், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். சூடும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஜிப்லாக்கும் கூடாது, ஆவி உள்ளேயே சுற்றும். கண்ணாடி ஃபிரேமிலிருந்து கழற்றி, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, காற்றுப் போக விடுங்க. மற்ற செல்களைப் பக்கத்தில் வைக்காதீங்க. மாங்கா ஊர்க்காரருக்குச் சொல்லணுமா, ஒன்று அழுகினால் கூடையே போச்சு.

வெள்ளைத் தாளை உரிக்கவே உரிக்காதீங்க. கலைப்பொருள் பாதுகாப்பு வேலை செய்யும் 'கெட்டி' (Getty) என்ற அமெரிக்கக் கன்சர்வேஷன் நிறுவனம் டிஸ்னியோடு சேர்ந்து செல்லில் பெயின்ட் பிய்வதைத்தான் ஆராய்ந்தது: ஈரப்பதத்தை அளந்து மெல்ல ஏற்றினால் பெயின்ட் இளகி, பிளாஸ்டிக்கை விட்டு விலகிய இடமும் மறுபடி ஒட்டும். ஆனால் அது அதற்கான அறையில் செய்கிற வேலை, குக்கர் ஆவியில் முயற்சி செய்யாதீங்க ண்ணா.

பாலக்கோடு தம்பி:
பழைய ஃபிலிம் தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, பயமில்லையா?

ஓசூர் ஃபிரேம்காரன்:
அது செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பழைய பிளாஸ்டிக், ஸ்னோ ஒயிட் காலத்துச் சரக்கு. இது 1959 படம், காடி வாடை வந்தாலே அசிட்டேட்தான்.

தர்மபுரி அக்கா:
லேபிளைப் பத்திரமாக வைங்க தம்பி. டிஸ்னிலேண்ட் பார்க் திறந்த 1955-ஆம் வருடமே உள்ளே ஆர்ட் கார்னர் என்ற கடை வந்தது, படம் முடிந்த செல்களைச் சில டாலருக்கு அங்கே விற்றார்கள், அந்த லேபிள்தான் அது. கோடுகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்க, கையால் மையிட்ட கலர் கோடாக இருக்கணும். அடுத்து வந்த 101 டால்மேஷன்ஸில் ஜெராக்ஸ் கோடு வந்துவிட்டது.

லயன் கிங் விஷயத்தில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்க. 1994-இல் டிஸ்னி கம்ப்யூட்டரில்தான் வண்ணம் போட்டது, படத்துக்கு வண்ணச் செல்லே கிடையாது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விற்பனைக்கென்று அச்சடித்த செரிசெல். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அடுத்த ஏலத்துக்கு முன்னால் ஃபிரேமைக் கழற்றிப் பின்பக்கப் போட்டோ கேளுங்க, வாடை வருகிறதா என்றும் வெட்கப்படாமல் கேளுங்க. போட்டோவில் மூக்கு இல்லையே.

கேள்வி கேட்டவர்:
கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். மாடி அறை மே மாதத்தில் தோசைக்கல், அதனால் கீழே வடக்குப் பக்க அறையில் தனியாக வைத்திருக்கிறேன். அமிலத்தைக் காட்டும் நிறம் மாறுகிற பட்டை விற்கிறதாமே, அடுத்த முறை வரும்போது அத்தை பையனை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பிய்ந்த பச்சைத் துளியையும் எறியவில்லை, கவரில் போட்டுப் பெட்டி மேலேயே ஒட்டியாச்சு.