கியூ, எக்ஸ், இசட் உள்ள நீளமான ஆங்கிலச் சொற்களைத் தேடுவது எப்படி?

தலவாக்கலை டீச்சர் (கேள்வி)

வணக்கம். தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் தரம் 10 மாணவர்களுக்கு ஒரு சொல் விளையாட்டு நடத்துகிறேன். கரும்பலகையில் இரண்டு எழுத்துகளை எழுதுவேன். அவ்விரண்டும் எந்த இடத்திலாவது வரும் ஆங்கிலச் சொற்களுள் மிக நீளமானதைச் சொல்லும் குழுவுக்கு, அந்தச் சொல்லில் எத்தனை எழுத்துகளோ அத்தனை புள்ளிகள். ஈ, ஆர், எஸ் போன்றவற்றைக் கொடுத்தால் சொற்கள் கொட்டுகின்றன. கியூவும் எக்ஸும், எக்ஸும் இசட்டும், கியூவும் ஜேயும் என்று கொடுத்த வாரங்களில் வகுப்பே வாயடைத்துவிட்டது. கியூவுக்கும் எக்ஸுக்கும் எனக்கே 'எக்ஸ்குவிசிட்' என்ற 9 எழுத்துச் சொல்லுக்கு மேல் தோன்றவில்லை. அகராதியோ முதலெழுத்து தெரிந்தவருக்குத்தான் வழிவிடுகிறது. நடுவில் ஒளிந்திருக்கும் எழுத்தைக் கொண்டு அதில் தேட முடிவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் சிக்னலும் கிடையாது.

இன்னொன்று: 'நியூமோனோ' என்று தொடங்கும் 45 எழுத்து நுரையீரல் நோய்ப் பெயரை ஒரு மாணவன் மனனம் செய்து வைத்துக்கொண்டு, எல்லா வாரமும் அதையே சொல்ல அனுமதி கேட்கிறான். என்ன செய்யலாம்?

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

டீச்சர், எழுத்தைத் தேட வேண்டாம்; அந்த எழுத்து வழக்கமாகக் குடியிருக்கும் சொல்லுறுப்பைத் தேடச் சொல்லுங்கள். தமிழில் பகுதி, விகுதி பிரித்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது சிரமமாக இராது. அரிய எழுத்துகள் கண்ட இடத்தில் வருவதில்லை. கியூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ ஒட்டிக்கொண்டு வரும்; நீண்ட சொற்களில் இசட் பெரும்பாலும் 'ஐசேஷன்' என்ற விகுதியில்தான் இருக்கும்; எக்ஸ் என்றால் முன்னொட்டாக வரும் 'எக்ஸ்', இல்லாவிட்டால் 'டெக்ஸ்ட்', 'மெக்ஸ்' போன்ற வேர்கள். ஆகவே எக்ஸும் இசட்டும் கேட்டால், 'டெக்ஸ்ட்' என்ற வேரை எடுத்து இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டே போனால், சூழலில் பொருத்திப் பார்த்தல் என்று பொருள்படும் 'கொன்டெக்ஸ்டுவலைசேஷன்' கிடைக்கும். அதில் 17 எழுத்துகள். முன்னால் 'டி' சேர்த்தால் 19. உங்களுடைய 'எக்ஸ்குவிசிட்'டும் 'நெஸ்' விகுதி பெற்றால் 13 ஆகிவிடும். கியூவுக்கும் இசட்டுக்கும் 'ஈக்குவலைசேஷன்', 12.

ஒரு சிக்கலை மட்டும் முதலிலேயே தீர்த்துவிடுங்கள். நம் பாடசாலைகளில் பிரித்தானிய வழக்கப்படி இந்த விகுதியை எஸ் போட்டு எழுதவே பழக்குகிறோம். எஸ் போட்டால் இசட் போய்விடும், சொல்லும் போய்விடும். ஆனால் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியே இசட்டைத்தான் முதன்மையாகக் கொள்கிறது என்பதால், இசட்டை அமெரிக்கப் பிழை என்று தள்ளிவிட முடியாது. (இசட் என்றாலே பல்கலைக்கழக அனுமதிக்கான 'இசட் புள்ளி' வெட்டுப்புள்ளியை நினைத்துக் கலங்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல மாற்றம்.)

அந்த 45 எழுத்துச் சொல்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1935ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் புதிர் ஆர்வலர் கழகமொன்றின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் அது. 45 எழுத்து இருந்தும் அதில் வெவ்வேறான எழுத்துகள் 14 மட்டுமே. கியூ, எக்ஸ், இசட், ஜே ஆகிய நான்கில் ஒன்றுகூட இல்லை. அரிய எழுத்துகளைக் கொடுக்கும் வாரங்களில் அந்த மாணவன் தானாகவே கைவிரித்துவிடுவான்.

ஹட்டன், கணினிப் பிரிவு

ஓய்வுபெற்ற சேர் சொன்ன முறை மாணவர்களுக்கு. டீச்சர் விடைகளைத் தயாரித்து வைத்துக்கொள்ள ஒரு குறுக்குவழி இருக்கிறது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் வரிக்கு ஒன்றாக ஆங்கிலச் சொற்களை அடுக்கிய கோப்பு ஒன்று உண்டு. இல்லையென்றால் ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம், அதன்பின் இணையம் தேவையில்லை. 'கிரெப்' என்ற கட்டளையால் கியூ உள்ள வரிகளை மட்டும் பிரித்து, அந்த விளைவையே மறுபடியும் எக்ஸுக்காக வடிகட்டினால், எந்த வரிசையில் இருந்தாலும் இரண்டும் உள்ள சொற்கள் மிஞ்சும். கியூ முன்னும் எக்ஸ் பின்னுமாகத்தான் வர வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரக் குறியும் இட்டு ஒரே தடவையில் தேடலாம். ஆனால் அப்படித் தேடினால் உங்கள் 'எக்ஸ்குவிசிட்' அகப்படாது, ஏனென்றால் அதில் எக்ஸ்தான் முன்னால் நிற்கிறது. லினக்ஸ் இல்லாதவர் பட்டியலை எக்செல்லில் ஒட்டி, பக்கத்து நிரலில் எழுத்துகளின் எண்ணிக்கையை எடுத்து, நீளத்தின்படி வரிசைப்படுத்தலாம்.

அந்தப் பட்டியல்களில் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும், மேற்கோள்குறியும் எஸ்ஸும் ஒட்டிய உடைமை வடிவங்களும் கலந்திருக்கும். அவற்றை நீக்காமல் எண்ணினால் நீளம் பிழையாகிவிடும். நான் ஒருமுறை அவமானப்பட்டேன்.

நோர்வூட், தேயிலைத் தொழிற்சாலை

நான் ஆசிரியன் அல்லன், ஆயினும் இரண்டு சொற்கள் தருகிறேன். அரைத்த கொழுந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாவதை நாங்கள் 'ஃபெர்மென்டேஷன்' என்றே சொல்லிவருகிறோம். உண்மையில் அது நொதித்தல் அல்ல, 'ஒக்சிடேஷன்'. அதையே இசட் சேர்த்து 'ஒக்சிடைசேஷன்' என்று எழுதினால் 11 எழுத்து, எக்ஸும் உண்டு. பிள்ளைகளுக்குப் பொருள் விளங்க வைக்கத் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. மற்றது ஜேயும் கியூவும் சேர்ந்து வரும் 'ஜெக்குவிரிட்டி', 9 எழுத்து. வேறொன்றுமில்லை, நம் குன்றிமணிதான்.

தலவாக்கலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. குன்றிமணியை நான் எதிர்பார்க்கவே இல்லை. எஸ்ஸா இசட்டா என்பதில், அகராதியில் காட்ட முடிந்தால் இரண்டையும் ஏற்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜேயும் எக்ஸும் எழுதப்போகிறேன். தயவுசெய்து விடையை இங்கே எழுதிவிடாதீர்கள். மாணவி ஒருத்தியின் அண்ணன் இதை வாசிக்கிறார்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எழுதவில்லை, டீச்சர். லத்தீனில் 'அருகே' என்று பொருள்படும் முன்னொட்டிலிருந்து தொடங்கினால் 13 எழுத்து வரும் என்பதை மட்டும் அந்த அண்ணனுக்குச் சொல்லிவைக்கிறேன்.