3441 ஆண்டுகளை ஒரு தலைமுறைக்குள் அடைக்கலாமா? ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: சாம்பல்துறை

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ என்ற கற்பனை உலக நாவலைப் பல முறை வாசித்தவன் நான். அதன் இறுதியில் உள்ள பிற்சேர்க்கைகளின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. முதன்மைக் கதையில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும், மனிதர்களின் தீவு நாடான நூமெனோரின் எழுச்சியும் வீழ்ச்சியும், மாய மோதிரங்கள் வார்க்கப்பட்ட வரலாறும் அங்கேதான் ஆண்டு வாரியாகப் பதிவாகியிருக்கின்றன. எனவே, 2017-இல் உரிமையை வாங்கிய அமேசான் நிறுவனம், நாவலின் கதைக்கு முந்தைய காலமான இரண்டாம் யுகத்தையே தன் தொடரின் களமாகத் தேர்ந்தெடுத்தது என்று அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமன்று.

2022-இல் வந்த முதல் சீசனையும் 2024-இல் வந்த இரண்டாம் சீசனையும் முழுவதுமாக இரண்டு முறை பார்த்துவிட்டேன். நூமெனோரின் துறைமுகமும், குள்ளர்களின் நகரமான கசாத்-தூமின் குடைவரை மண்டபங்களும், பேர் மெக்ரியரியின் இசையும் என்னைக் கவர்ந்தன. அப்படியிருந்தும், நாவலின் பிற்சேர்க்கையில் வெறும் அட்டவணையாக இருக்கும் சில பக்கங்கள் எனக்குள் எழுப்பும் துயரத்தை இந்தப் பதினாறு பகுதிகள் எழுப்பவில்லை.

காரணம் காலம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நூலின் கணக்குப்படி இரண்டாம் யுகம் 3441 ஆண்டுகள் நீள்கிறது. ஏறத்தாழ 1500-இல் எல்ஃப் கொல்லர்கள் மோதிரங்களை வார்க்கத் தொடங்குகிறார்கள். 1600 வாக்கில் கதையின் தீயவனான சௌரான், மற்றவற்றை ஆளும் தன் தனி மோதிரத்தை உருவாக்குகிறான். நூமெனோர் கடலில் மூழ்குவதோ 3319-இல். இடையில் 1700 ஆண்டுகளுக்கு மேல் கடந்துபோகின்றன. தொடரிலோ எல்ஃப் கொல்லரான செலபிரிம்போர் உலையை மூட்டும் காலத்திலேயே, நூமெனோரின் இறுதிக்காலத்தவனான இசில்டூர் இளைஞனாகக் கப்பற்படையில் பயிற்சி பெறுகிறான், அதன் கடைசி அரசனாக வேண்டிய ஃபராசோன் அரசவையில் செல்வாக்கோடு உலவுகிறான். எல்லாமே ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நடந்து முடிந்துவிடும் போலிருக்கிறது. திரைக்காகச் செய்தே தீர வேண்டிய மாற்றமா இது, அல்லது இந்தக் கதையில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாதோ அதையே விட்டுக்கொடுத்த மாற்றமா? மூலத்தின்மீது உள்ள பற்றினால் நான் அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருக்கிறேனா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: உலைக்களம்

சாம்பல்துறை அவர்களுக்கு, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; ஆனாலும் எடுத்தவர்களின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பழைய யுகங்களின் வரலாற்றைச் சொல்லும் டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ அவர்கள் வாங்கிய உரிமைக்குள் இல்லை. ‘தி ஹாபிட்’, ‘தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ ஆகிய இரண்டையும், பின்னதன் பிற்சேர்க்கைகளையும் வைத்துக்கொண்டுதான் அவர்கள் கதை பின்ன வேண்டியிருந்தது. மேலும், இரண்டாம் யுகத்தைப் பொறுத்தவரை டோல்கீன் எழுதிவைத்ததில் பெரும்பகுதி வரலாற்றுக் குறிப்பே அன்றி, உரையாடலும் காட்சியும் கொண்ட நாவல் அன்று. அரசன் ஒருவன் பட்டத்துக்கு வந்தான், கப்பல்களை அனுப்பினான், இறந்தான் என்ற அளவில் இருப்பதை எட்டு மணி நேரக் கதையாக விரிக்கும்போது புதிதாக ஏதாவது சேர்க்காமல் இருக்கவே முடியாது.

காலத்தைச் சுருக்கியதற்கான காரணத்தையும், தொடரை உருவாக்கிய ஜே. டி. பெய்ன், பாட்ரிக் மெக்கே இருவரும் முதல் சீசன் வெளிவருவதற்கு முன்பே ஒரு பேட்டியில் வெளிப்படையாகக் கூறிவிட்டார்கள். ஆண்டுக் கணக்கை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் கதை ஒவ்வொரு முறையும் இருநூறு ஆண்டுகள் தாவ வேண்டியிருக்கும், மனிதப் பாத்திரங்கள் சீசனுக்குச் சீசன் இறந்துகொண்டே இருப்பார்கள் என்பது அவர்கள் கருத்து. பார்வையாளர் ஒருவர் இசில்டூரின் தந்தை எலெண்டிலோடு மனம் ஒன்ற வேண்டுமானால் அவரோடு பழகுவதற்கு நேரம் வேண்டும் அல்லவா?

இரண்டாம் சீசனில் செலபிரிம்போரின் வீழ்ச்சியைக் காட்டிய விதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நகரம் முற்றுகையில் எரிந்துகொண்டிருக்கும்போது அவரை ஒரு மாயத் தோற்றத்துக்குள் அமைதியாக வேலை செய்ய வைத்திருக்கிறான் சௌரான். எரிகிற மெழுகுவர்த்தி குறையவே இல்லை என்பதைக் கவனித்துத்தான் செலபிரிம்போர் அந்த வஞ்சகத்தை உணர்கிறார். அந்தக் காட்சி நூலில் இல்லை; ஆனால் நூலுக்கு உரியதாகவே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தொடரைக் குறை கூறியவர்களில் சிலர் நடிகர்களின் தோல் நிறத்தை முன்வைத்து அவர்களைக் கேவலமாக ஏசினார்கள். ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களில் ஒரு பிரிவான ஹார்ஃபுட் இனத்தவர் மற்ற ஹாபிட்டுகளைவிடப் பழுப்பு நிறத்தவர் என்று நாவலின் முன்னுரையிலேயே டோல்கீன் எழுதியிருப்பதைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. உங்கள் கேள்வி அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மறுமொழி 2: பின்னேட்டு வாசகி

உலைக்களம் அவர்கள் கூறிய உரிமைச் சிக்கல் உண்மையானது. ஆனால் இந்தக் கேள்விக்கு அது விடையாகாது. சாம்பல்துறை குறிப்பிட்ட ஆண்டுகள் அனைத்தும் இரண்டாம் பிற்சேர்க்கையில் அச்சாகியிருப்பவை. அதாவது, அவர்கள் விலை கொடுத்து வாங்கிய பக்கங்களிலேயே அந்தக் காலவரிசை இருக்கிறது. கையில் இல்லாததைக் காட்டவில்லை என்று யாரும் இங்கே குறை கூறவில்லை. கையில் இருந்ததை ஏன் கைவிட்டார்கள் என்பதே கேள்வி.

மனிதர்கள் இறந்துகொண்டே இருப்பார்கள் என்ற அந்தக் காரணத்தைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். ஏனென்றால், இரண்டாம் யுகத்தின் கதையே அதுதான். எல்ஃப்கள் உலகம் உள்ளவரை இறப்பதில்லை. நூமெனோர் மக்கள் நெடுநாள் வாழ்ந்தாலும் இறந்துபோகிறார்கள். தலைமுறை தலைமுறையாக, தங்கள் பாட்டனோடு பேசிய அதே எல்ஃப் அதே முகத்தோடு தங்கள் பேரனோடும் பேசுவதைப் பார்த்துப் பார்த்து அந்த மக்களின் உள்ளத்தில் பொறாமை ஊறுகிறது. முதலில் ஒரு முணுமுணுப்பு, பின்னர் எல்ஃப் மொழியைப் பேசத் தடை, இறுதியில் சாவாத நாட்டின்மீதே படையெடுப்பு. இந்த நோய் முற்றுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன. தொடரின் நூமெனோரிலோ, எல்ஃப்கள் வந்து நம் தொழிலைப் பறித்துக்கொள்வார்கள் என்று ஒருவர் தெருவில் நின்று கூட்டத்தைத் தூண்டுகிறார். உறங்காத, களைக்காத, மூப்படையாத வேலையாட்கள் என்று அவர் சொல்லும்போது மூல நூலின் கருப்பொருள் ஒரு கணம் தலைகாட்டத்தான் செய்கிறது. ஆனால் அது வேலை போய்விடுமே என்ற அச்சமாகச் சுருங்கி மறைந்துவிடுகிறது. சாவைப் பற்றிய அச்சம் அங்கே எழவே இல்லை.

எல்ஃப்களுக்கும் இதே கதிதான். நூலில் அவர்கள் மோதிரங்களை விரும்பியதற்குக் காரணம், காலம் தங்களைச் சுற்றியுள்ள அழகையெல்லாம் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டு போவதைத் தாங்க முடியாமை. அது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த துக்கம். தொடரிலோ, அடுத்த வசந்தத்துக்குள் மித்ரில் என்ற அரிய உலோகம் கிடைக்காவிட்டால் எல்ஃப்களின் ஒளி அணைந்துவிடும் என்று எல்ஃப் அரசன் கில்-கலாட் கெடு வைக்கிறார். துக்கமாக இருந்தது மருந்து தேட வேண்டிய நோயாக மாறிவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இவர்களுக்கு இது புரியவில்லை என்றும் சொல்ல முடியாது; என் வருத்தத்தை அதுதான் கூட்டுகிறது. முதல் சீசனின் இரண்டாம் பகுதியை நினைத்துப் பாருங்கள். எல்ஃப்களில் ஒருவனான எல்ரோண்ட் தன் நண்பனான குள்ளர் இளவரசன் டூரினைப் பார்க்க கசாத்-தூமுக்கு வருகிறான். டூரின் சினத்தோடு இருக்கிறான். இருபது ஆண்டுகள் எல்ரோண்டுக்குக் கண் இமைக்கும் நேரம். டூரினுக்கோ அதற்குள் திருமணம் நடந்து, குழந்தைகள் பிறந்து, ஒரு வாழ்க்கையே ஓடியிருக்கிறது. நண்பன் எதற்கும் வரவில்லை. எல்ரோண்ட் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் அந்தக் காட்சிதான் இரண்டு சீசன்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது. இருபது ஆண்டு இடைவெளியை வைத்தே இவ்வளவு செய்ய முடிந்தவர்கள் இருநூறு ஆண்டு இடைவெளியைக் கண்டு ஏன் அஞ்சினார்கள்?

திரையில் முடியாது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘தி கிரவுன்’ தொடரில் இரண்டு சீசன்களுக்கு ஒரு முறை நடிகர்களை முழுவதுமாக மாற்றினார்கள். பார்த்தவர்கள் பின்தொடரவே செய்தார்கள். இங்கே அதைவிட வலுவான வாய்ப்பு இருந்தது. எல்ஃப்களான கலாட்ரியலும் எல்ரோண்டும் அதே நடிகர்களாக அதே முகத்தோடு நிற்க, அவர்களைச் சுற்றியுள்ள மனித முகங்கள் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருந்தால், சாவு என்பது என்ன என்பதை ஒரு வசனமும் இல்லாமல் பார்வையாளர் உணர்ந்திருப்பார்.

மறுமொழி 3: மூன்றாம் வளையம்

காலத்தைப் பற்றிப் பேசியாயிற்று. மோதிரங்கள் வார்க்கப்பட்ட வரிசையையும் யாராவது குறிப்பிட வேண்டும். நூலில் மற்ற மோதிரங்கள் சௌரானின் வழிகாட்டுதலோடு முதலில் உருவாகின்றன. எல்ஃப்களுக்கான மூன்றையும் செலபிரிம்போர் தனியாக, 1590 வாக்கில், கடைசியாகச் செய்து முடிக்கிறார். அவற்றைச் சௌரான் செய்யவும் இல்லை, தொடவும் இல்லை என்று எல்ரோண்டின் ஆலோசனைக் கூட்டத்தில் தெளிவாகவே சொல்லப்படுகிறது. தொடரில் அந்த மூன்றுதான் முதலில் உருவாகின்றன. கடைசியில் செய்தவை என்றால், ஒரு கலைஞன் கற்றதையெல்லாம் கற்ற பிறகு தன் மனத்திலிருந்து தானாகச் செய்த உச்சப் படைப்பு என்று பொருள். முதலில் செய்தவை என்றால், அவை வெறும் முதல் முயற்சி. வரிசையை மாற்றியதால் செலபிரிம்போரின் பெருமையும் குறைந்துவிட்டது.

மறுமொழி 4: நெடுவழியன்

பின்னேட்டு வாசகி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காலச் சுருக்கம் பற்றிய இந்த விவாதத்தில் டோல்கீனே நம்மோடு கலந்துகொண்டிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் அவருடைய நாவலைத் திரைப்படமாக்க ஒரு முயற்சி நடந்தது. அதற்கான கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு 1958-இல் அவர் எழுதிய நீண்ட கடிதம், அவர் மறைந்த பிறகு கடிதத் தொகுப்பில் வெளியாயிற்று. சண்டைகள் பெருகியிருப்பதையும், கழுகுகளைத் தேவையின்றிப் பறக்கவிட்டிருப்பதையும் அதில் கண்டிக்கிறார். இலையுதிர் காலத்தில் தொடங்கி, குளிர்காலத்தைக் கடந்து, வசந்தத்தில் முடிவது தன் கதையின் தொனிக்கே அடிப்படை என்றும், காலத்தையும் தூரத்தையும் சுருக்குவது அதைக் குலைத்துவிடுகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஓராண்டுக்குள் நடக்கும் கதையில் பருவங்கள் கலைவதையே பொறுக்காதவர் அவர்.

தூரமும் இதில் அடங்கும். முதல் சீசனில் கலாட்ரியல் நடுக்கடலில் கப்பலிலிருந்து குதித்து நீந்துகிறார். படுகாயம் அடைந்த மனிதன் தென்னிலத்திலிருந்து, செலபிரிம்போரின் நாடான எரேகியன் வரை குதிரையில் வந்து சேர்கிறான். கதை நடக்கும் மத்திய உலகத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்வது என்பது வாசகனின் காலும் சேர்ந்து வலிக்கும் அனுபவம். அந்த வலி இல்லாதபோது, எங்கே போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்த உணர்வு வருவதில்லை.

மறுமொழி 5: உலைக்களம்

கடிதச் செய்தியை நினைவூட்டியதற்கு நன்றி. என் நிலைப்பாட்டைச் சற்றே திருத்திக்கொள்கிறேன். சுருக்கம் தேவைதான் என்று இப்போதும் கருதுகிறேன். ஆனால் மோதிரங்களின் காலத்தையும் நூமெனோரின் வீழ்ச்சியையும் இரண்டு தனித்தனிக் காலங்களாகவாவது வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இரண்டாவது காலத்துக்குப் புதிய மனிதர்கள் வந்திருப்பார்கள், எல்ஃப்கள் மட்டும் பழையவர்களாகத் தொடர்ந்திருப்பார்கள். பின்னேட்டு வாசகி கேட்பதில் பாதியாவது நடந்திருக்கும்.

மறுமொழி 6: சாம்பல்துறை

மறுமொழி அளித்த அனைவருக்கும் நன்றி. என் மனத்தில் கலங்கலாக இருந்ததற்கு நீங்கள் உருவம் கொடுத்துவிட்டீர்கள். உலைக்களம் அவர்களின் யோசனையை நானும் ஏற்கிறேன். அந்த மெழுகுவர்த்திக் காட்சியை இன்று மீண்டும் பார்த்தேன். குறையாத மெழுகுவர்த்தியைக் கண்டதும் இது பொய் என்று செலபிரிம்போருக்குத் தெரிந்துவிடுகிறது. இத்தொடரைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்டதும் அதே உணர்வுதான் என்று இப்போது புரிகிறது.

எல்ரோண்ட் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நூமெனோரின் முதல் அரசனான எல்ரோஸ், எல்ரோண்டுடன் பிறந்தவன். எல்ஃப், மனிதர் என இரு குலத்தின் குருதியும் கொண்ட இருவருக்கும் ஒரே தேர்வு வழங்கப்பட்டது. எல்ரோண்ட் எல்ஃப்களோடு இருப்பதைத் தேர்ந்தான், எல்ரோஸ் மனிதனாக இறப்பதைத் தேர்ந்தான். எல்ரோஸின் மறைவு இரண்டாம் யுகம் 442 என்று பிற்சேர்க்கையில் ஒற்றை வரியாக இருக்கிறது. அதன் பிறகும் எல்ரோண்ட் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்கிறான். இந்தத் தொடரை என்னிடம் கொடுத்திருந்தால், முதல் காட்சியை அந்த ஆண்டில்தான் வைத்திருப்பேன்: எல்ஃப்களின் நாடான லிண்டோனின் கரையில் எல்ரோண்ட் நிற்கிறான், மேற்கிலிருந்து ஒரு கப்பல் வருகிறது, அதிலிருந்து இறங்கும் இளைஞனுக்குத் தன் சகோதரனின் முகச்சாயல் இருப்பதை முதலில் கண்டு மகிழ்ந்து, அவன் கொண்டுவந்திருக்கும் செய்தி என்னவாக இருக்கும் என்பதைப் பிறகுதான் உணர்கிறான்.